பிஸ்கோத்து படுக்கும் இடம்

துர்காவின் தம்பி விஜயின் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. அம்மா சுமலதா அதை இடுக்கியால் நசுங்காமல் பிடித்து, நேராக இழுத்து எடுத்தார். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு வாசலில் படுத்திருந்த நாயை முறைத்தார்.

நாயின் பெயர் பிஸ்கோத்து. அது வாலை ஆட்டியது.

"இனிமே இது இங்க வேணாம். புள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா என்ன பண்றது?" என்றார் அம்மா.

"கனகசெட்டிக்குளத்துல நம்ம கூட்டாளி உத்திராபதி இருக்கான். ஞாயித்துக்கெழம கொண்டு போய் வுட்டுட்டு வந்துடறேன்" என்றார், சாப்பிட உட்கார்ந்த அப்பா ராஜவேல்.

துர்கா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவுங்க வீட்லயும் பசங்க இருக்காங்களேப்பா. அவுங்கள மட்டும் உண்ணி கடிக்காதா?"

அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

துர்காவுக்கு ஒன்று புரியவில்லை. போன மாதம் தவளக்குப்பம் மாட்டாஸ்பத்திரியில் பிஸ்கோத்துக்கு எடை பார்த்து மருந்து கொடுத்தார்கள். உண்ணியெல்லாம் செத்து உதிர்ந்தது. அப்புறம் புதுசு எங்கிருந்து வருகிறது?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாயின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய உண்ணி ஒன்று, பிஸ்கோத்தின் கழுத்திலிருந்து தானாகவே கழன்று விழுந்தது. துர்கா அதைத் தொடவில்லை. அது மெல்ல ஊர்ந்து மாடிப்படிக்குக் கீழே போனது. பிஸ்கோத்து படுக்கும் சாக்கு அங்கேதான் கிடந்தது. சாக்கைத் தாண்டி, சுவர் வெடிப்புக்குள் நுழைந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே குவியலாகப் பழுப்பு முட்டைகள். கடுகைவிடச் சிறிய குட்டி உண்ணிகள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

"அப்பா! இங்க வந்து பாரு! நாயக் கொண்டு போனாலும் இதுங்க போகாது. நம்ம செவுத்துலதான் குடியிருக்கு!"

கொத்தனாரான அப்பா குனிந்து பார்த்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"ஊரு செவுத்தயெல்லாம் பூசுற மனுசனுக்குச் சொந்த வீட்டு வெடிப்பு கண்ணுல படல."

அப்பா தலையைச் சொறிந்தார்.

"உண்ணியாப்பா?" என்று கேட்டான் விஜய்.

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கனகசெட்டிக்குளம் போகவில்லை. அம்மா சாக்கை எரித்தார். வெடிப்புக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். அது காய்ந்ததும் அப்பா சிமெண்ட் வைத்து அடைத்தார். வேலியோரப் புல்லையும் வெட்டினார். அடுத்த நாள் பிஸ்கோத்துக்கு மறுபடியும் மருந்து கிடைத்தது.

துர்கா தினமும் அதன் காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் விலக்கிப் பார்த்தாள். முதலில் ஒன்றிரண்டு அகப்பட்டன. பிறகு ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தனம் அத்தை வந்தார்.

"துர்கா, எங்க ஆடு ஒடம்ப ஒடம்பத் தேய்ச்சுக்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

துர்கா டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

"ஆட்ட அப்புறம் பாக்கலாம் அத்தை. மொதல்ல அது படுக்குற எடத்தக் காட்டுங்க."