சுருதி ஏறிய கார்னெட்

பவுல்துரை மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, ஒரு கறுப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். காலை ஒன்பதே கால். ஆயுத பூஜைக்கு மறுநாள்.

“பன்னெண்டு மணிக்கு வேன் கெளம்புது மேடம். வேலூர்ல நாலு மணிக்குப் போட்டி. அதுக்குள்ள எனக்குத் தெரியணும். இதைக் கெடுத்தது ஹேமநாத்தா, இல்லையா?”

ஸ்வர்ணலதா இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த தறியையும் நனைந்த பட்டையும் பார்வையிட்டு, எது விபத்து, எது தந்திரம் என்று எழுதித் தருபவர். அவருக்கு ஆட்டோ ஓட்டும் ஜெயவேல் அதற்குள் பெட்டியருகே குனிந்திருந்தான்.

உள்ளே இருந்தது கார்னெட். ட்ரம்பெட்டைவிடக் குட்டையான பித்தளைக் கொம்பு. எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து சர்ச் பேண்டுக்குக் கொடுத்தது. அந்த பேண்டுக்கு இப்போது பவுல்துரை மாஸ்டர்.

“வியாழக்கிழமை ஒத்திகையில ஹேமநாத் இதைத் தேனா வாசிச்சான். இன்னைக்கிக் காலைல இருபது பேரும் ஒரு சுருதி, இவன் மட்டும் மேல. நான் வாங்கி ஊதினேன். எனக்கும் மேலதான். இந்த வளைஞ்ச குழாயை வெளிய இழுத்தா சுருதி எறங்கும். இழுத்துகினே போனேன், கையோட கழண்டு வந்துடுச்சு. அப்பவும் எறங்கல.”

“உள்ள எதுனா அடைச்சிருப்பான் சார்” என்றான் ஜெயவேல்.

“துணி விட்டு இழுத்துப் பார்த்துட்டேம்பா. அடைப்பு இல்ல. ஒண்ணும் ஒடையல, ஒண்ணும் காணாமப் போகல. அதான் பேஜாரா இருக்கு.”

“ஹேமநாத் மேல ஏன் சந்தேகம்?” என்று கேட்டார் ஸ்வர்ணலதா.

“சேத்துப்பட்டு பேண்டுக்காரங்க அவனைக் கூப்பிட்டுகினு இருக்காங்க. அவங்களும் போட்டியில இருக்காங்க. நடுவருங்க துணி மறைப்புக்குள்ள உக்காந்து காதால மட்டும் கேப்பாங்க. சுருதி பிசகினா அதோட போச்சு. பெட்டி ரெண்டு நாளா இவன் வூட்லதான் இருந்துச்சு. கேட்டா, தொறக்கவே இல்லங்கறான். அவன் வேன்ல ஏறினா நாங்க எறங்கிடுவோம்னு மத்தவங்க சொல்றாங்க. ஒம்போது வருஷமா கூட இருக்கறவன் மேடம். தப்பு செய்யாதவனை எறக்கி விட்டுட்டா நான் எப்படி நிம்மதியா தூங்கறது?”

ஸ்வர்ணலதா கார்னெட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். “வியாழக்கிழமையும் இப்படித்தான் மின்னிச்சா?”

“இல்ல. கறுத்துப் போயிருந்துச்சு.”

“தொறக்காத பெட்டிக்குள்ள தேச்சிருக்கான். மாட்டிகினான் மேடம்” என்றான் ஜெயவேல்.

ஸ்வர்ணலதா கொண்டை ஊசியால் கொம்பின் இடுக்கு ஒன்றைக் கீறினார். ஊசி முனையில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பெட்டியின் மூலையில் எண்ணெய்க் காகிதத்தில் ஒரு பொட்டலம் இருந்தது.

“இது?”

“ஸ்பேர் குழாய். பாதிரியார் காலத்துலேர்ந்து கெடக்கு. யாரும் தொட்டதில்ல.”

காகிதத்தின் பழைய மடிப்புகள் ஒரு குட்டையான பொருளுக்கு விழுந்தவை. உள்ளே இருந்த குழாயோ, கறுத்த முனையை ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஆட்டோவை எடு” என்றார் ஸ்வர்ணலதா. “ஹேமநாத் வீட்டுக்கு.”

மூவரும் போய் இறங்கியபோது ஹேமநாத் வாசலிலேயே நின்றிருந்தான், வெள்ளைச் சீருடையில். உள்ளே பட்டுத் தறியின் கட்டைகளிலெல்லாம் முந்தைய நாள் இட்ட சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவன் தாய் அபிதகுசாம்பாள் தறியிலிருந்து எழுந்து வந்தாள்.

“அம்மா, நேத்து தறிக்குப் பொட்டு வெச்சீங்களே, இந்தக் கொம்புக்கும் வெச்சீங்களா?”

ஹேமநாத் தலை குனிந்துகொண்டான்.

“வெக்காம?” என்றாள் அபிதகுசாம்பாள். “அவனுக்கு அதுதானே ஆயுதம். புளி போட்டுத் தேச்சேன். இந்த வளைவு மட்டும் எவ்ளோ தேச்சும் கறுப்பு வுடல. பெட்டியில புதுசு ஒண்ணு காயிதத்துல இருந்துச்சு. தறியில நூல் ஓட்டற நாடா தேஞ்சா வேற நாடா போடறோமே, அப்படித்தான் மாத்தினேன். பழசை அதே காயிதத்துல பத்திரமா சுத்தி வெச்சேன்.”

“குழாய் மாத்தினது சத்தியமா எனக்குத் தெரியாது மாஸ்டர்” என்றான் ஹேமநாத். “பொட்டு வெச்சதைத்தான் பார்த்தேன். தொடைச்சி உள்ள வெச்சேன். சர்ச் கொம்பை பூஜையில வெச்சாங்கன்னு தெரிஞ்சா அம்மாவைப் பேசுவீங்கன்னு பயந்துதான் தொறக்கலன்னேன்.”

ஸ்வர்ணலதா இரண்டு குழாய்களையும் அருகருகே பிடித்தார். பளபளத்தது ஒரு விரல் குட்டை. “நீளம் குறைஞ்சா சுருதி ஏறும். கெடுக்கறவன் கழட்டினதைத் தூக்கிப் போட்டிருப்பான். இதைச் செஞ்சவங்க காகிதத்துல சுத்தி வெச்சிருக்காங்க. மேல குங்குமம் வேற. அதான் இங்க வந்தேன்.”

“சரி மேடம், செஞ்ச கம்பெனி எதுக்கு ரெண்டு சைஸ் கொடுத்தான்?” ஜெயவேலுக்குக் குழப்பம் தீரவில்லை.

“எங்கப்பா சொல்லுவாரு” என்றார் பவுல்துரை மெல்ல. “பாதிரியார் ஊர்ல அந்தக் காலத்து பேண்டுங்க எல்லாம் ஒசந்த சுருதியாம். அப்புறமா எறக்கிட்டாங்களாம். ரெண்டுத்துக்கும் ஒவ்வொரு குழாய் கொடுத்திருக்கான். நானும் இத்தினி வருஷமா ஸ்பேர்னே நெனச்சுகினு இருந்திருக்கேன்.”

அவரே கறுத்த குழாயை மாட்டி கார்னெட்டை நீட்டினார். ஹேமநாத் ஒரே ஒரு சுரம் ஊதினான். பவுல்துரை சட்டைப்பையிலிருந்த சுருதி ஊதலை எடுத்து அதே சுரத்தை ஊதினார். இரண்டும் ஒன்றாகவே நின்றன.

“நான் தப்பு பண்ணிட்டனா சார்?” என்றாள் அபிதகுசாம்பாள்.

பவுல்துரை குட்டைக் குழாயை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

“ஜல்தியா ஆட்டோவுல ஏறுடா, வேன் நிக்குது. மத்தவங்ககிட்ட நானே பேசறேன்” என்று ஹேமநாத்தின் முதுகில் தட்டினார். பிறகு அவன் தாயிடம் திரும்பினார். “அடுத்த வருஷம் எல்லாக் கொம்பையும் கொண்டாந்து போடறேம்மா, தேச்சுக் குடுங்க. எதையாவது மாத்தறதுக்கு முன்னாடி மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க.”