நிமிராத தலைகள்

மனைவி மலர்கொடியின் முறம் நின்றதுதான் மருதையனுக்குப் பிடிக்கவில்லை. அவள் முகத்தைத் தூக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. புடைத்துக்கொண்டிருந்த அரிசி மட்டும் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு மறுபடி சலசலத்தது. அதே மூச்சில்தான் வாய்க்கால் கரையிலிருந்து குரல் வந்திருந்தது.

"டேய் மருதையா!"

நாகநாதனின் குரல். மிராசுதாருக்குக் காரியக்காரனாக இருந்து, கரையை விட்டு இறங்காமலே தெருவை வேலைக்குக் கூப்பிட்ட மனுஷன். ஐப்பசி வெள்ளத்தில் மதகில் சிக்கிச் செத்துப்போனான். செத்தவன் கூப்பிடுகிறான் என்று மருதையன் ஒருநாள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே கழுத்தளவுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். மலர்கொடிதான் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். இன்னொரு தடவை இறங்கினால் மீளமாட்டான் என்று அவனுக்கே தெரியும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கமருன்னிஸா அவனை அதட்டவில்லை. மாத்திரை கொடுத்தார். வாராவாரம் உட்காரவைத்துப் பேசினார்.

"சத்தம் கேட்டா பதில் சொல்லாதீங்க. பக்கத்துல இருக்கறவங்க முகத்தைப் பாருங்க. அவங்க நிமிரலைன்னா அது வெளியில இல்ல, உங்க மனசுல கேக்குது. மனசுல கேக்கறது உங்களைக் கையப் புடிச்சு இழுக்காது."

அந்தப் பேச்சு அவனுக்குப் பழைய சோறு மாதிரி வயிற்றைக் குளிர வைத்தது. குரல் கேட்கும், மலர்கொடியைப் பார்ப்பான், குனிந்திருப்பாள். எதிர் வீட்டு ராமாயியைப் பார்ப்பான், அவளும் குனிந்திருப்பாள். அப்பாடா என்றிருக்கும்.

இன்றைக்கும் வாசலில் உட்கார்ந்து பார்த்தான். விளக்கு வைக்கும் நேரம். வைக்கோல் ஈரமும் அடுப்புப் புகையும் தெருவில் தேங்கி நிற்க, அவற்றுக்கு அடியில், மழைக்காலத்தில் மதகுப் பலகையைத் தூக்கும்போது வரும் அந்தச் சேற்று நாற்றம் மெல்ல மெல்லக் கரையை விட்டு இறங்கிவந்தது. எதிர் வாசலில் ராமாயி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய் மருதையா!"

இப்போது தெருமுனையில்.

ராமாயி நிமிரவில்லை. ஆனால் அவள் விரலில் ரத்தம். அரிவாள்மனை விரலைக் கிழித்திருந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.

"மலரு, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"குனிஞ்சுக்கங்க."

"கேக்குதா?"

"நிமிர மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்ல? நீங்க மட்டும்தான் பதில் சொன்னீங்க. அதனாலதான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்."

அந்தச் சத்தியம் பண்ணினது, நில உச்சவரம்புச் சட்டம் வந்து, கூலிச் சண்டை முற்றி, போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்களை இறக்கிக் கதிர் அறுத்த சமயம். சங்கக் கொடிக்கம்பத்தடியில் தெருவே கையடித்துச் சொன்னது. இனிமேல் காரியக்காரன் கரையில் நின்று டேய் போட்டால் ஒரு தலையும் நிமிரக்கூடாது. வாசலுக்கு இறங்கிவந்து, மரியாதையாகக் கூப்பிட்டால்தான் நிமிர வேண்டும், வேலைக்கு எழுந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து நாகநாதன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு கழுத்தும் அசைந்ததில்லை. அப்படிப் பழகிப்போன கழுத்துகள். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று, மடையன், அவனுக்குத் தோன்றவே இல்லை.

சதக். சதக். ஈரக் கால்கள்.

பக்கத்து வீட்டைத் தாண்டிவிட்டன. வேலியைத் தாண்டிவிட்டன.

சேற்று நாற்றம் மூக்கை அடைத்தது. அவன் முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டான். மனசுல கேக்குது. மனசுல.

கால்கள் நின்றன. அவன் பக்கத்தில். தண்ணீர் சொட்டியது.

நாகநாதன் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் சொல்லாத வார்த்தை, மெதுவாக, பணிவாக, காதருகே வந்தது.

"வாங்க, மருதையன். வேலைக்கு வாங்க."

டாக்டர் சொன்னபடி, பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தான்.

மலர்கொடி நிமிர்ந்தாள். எதிரே ராமாயி நிமிர்ந்தாள். தெரு நெடுக, ஒவ்வொரு வாசலிலும், தலைகள் நிமிர்ந்தன. ஒருவரும் மருதையனைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவன் தோளுக்கு மேலே, ஓர் ஆள் நிற்கும் உயரத்தில் நிலைத்திருந்தன.

மலர்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேலைக்கு எழுந்தாள்.