வேண்டாத இரண்டாவது ஊர்

ஒரு குடும்பத்தை உடைக்க வேண்டும் என்று ரூட்டு கனவிலும் நினைத்ததில்லை. ஒரே ஒரு போன் செய்தான், அவ்வளவுதான்.

ரூட்டுவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது இப்போது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் உயிரோடிருக்கிறது. பஸ், ரயில், படகு என்று எதிலாவது மனிதர்களை ஏற்றி அனுப்பும் சின்னப் பயண ஏற்பாட்டுக் கடை அவனுடையது. ஒரு மேசை, ஒரு கணினி, வாடிக்கையாளர் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலி. அன்று புதன்கிழமை காலை அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் செய்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்கா போட்ட ரூமை நீங்கதானே கேன்சல் பண்ணீங்க?" என்று கேட்டுவைத்தான்.

அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் அவருடைய அக்கா கடைக்குள் நுழைந்தார். பள்ளி நூலகர். ஐம்பதை நெருங்கியவர். யாரையும் அதட்டாமலே இருபத்தைந்து வருடம் நூலகத்தில் அமைதி காத்த குரல் அன்று நடுங்கியது.

"ஏன் தம்பி இப்படிப் பண்ணீங்க? அவன் எனக்குப் போன் போட்டு, 'உன் சந்தேகத்தை ஒரு டிக்கெட் விக்கிற ஆளை விட்டுக் கேக்கறியா'ன்னு கத்தறான். பதிலுக்கு நானும் நல்லா கத்திட்டேன்."

"அக்கா, நான் உங்களுக்கு உதவி பண்ணலாம்னுதான்..."

"நாலு வருஷமா அவனும் நானும் பேசிக்கல. வீட்டைப் பாகம் பிரிச்சப்போ வந்த சண்டை. இந்த நாலு நாள் பயணத்துக்குத்தான் அவன் முதல்தடவையா சரின்னான். இதுவும் நின்னுபோச்சுன்னா, கூடப்பிறந்த நாங்க மூணு பேரும் இனி ஒண்ணா உக்காந்து ஒரு வாய் சாப்பிடப்போறதில்ல."

ரூட்டு கடையைப் பூட்டினான். தானே போட்ட முடிச்சை அவிழ்க்க அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அடுத்த தெருவில் இருந்தார்.

ரூட்டுவின் சொந்த அக்காவின் கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் தீ விபத்துகளை விசாரித்தவர். தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்ததா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவர் 'சர்வேயர்'தான். ரூட்டுவுக்கு அத்தான். ரூட்டுவும் நூலகரும் போனபோது அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. எதுவும் விடாம முதல்ல இருந்து சொல்லுங்க. இவன் சொன்னா வேண்டாம், இவன் கதையை முடிவுல இருந்து ஆரம்பிப்பான்."

நூலகர் சொன்னார். நாலு நாள், மூன்று ஊர். முதல் ஊரில் அருங்காட்சியகமும் ஏரியும். இரண்டாவதில் மலைக்கோட்டை. மூன்றாவதில் கடல், கலங்கரை விளக்கம். நட்சத்திர ஓட்டலும் வேண்டாம், மூட்டைப்பூச்சியும் வேண்டாம் என்கிற அளவான செலவு. போகிறவர்கள் நால்வர்: அவர், தம்பி, தம்பி மனைவி, தங்கை. தங்கை அந்த இரண்டாவது ஊரில்தான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். விடுதி வாழ்க்கை. லீவு எடுத்து முதலில் இங்கே வந்து, எல்லோரோடும் சேர்ந்து கிளம்புவதாக ஏற்பாடு.

"அப்படியே அவ வேலை பாக்கற வார்டையும் பாத்துட்டு வரணும்னு எனக்கு ஆசை" என்றார் நூலகர். "அந்த ஆஸ்பத்திரி படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே வெச்சிருக்கேன்."

"பிரச்சினை எங்க வந்துச்சு?"

ரூட்டு இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வெடித்துவிடுவான் போலிருந்தது. "இரண்டாவது ஊர்ல, அத்தான்! மத்த ரெண்டு ஊர் ரூமும் கல்லு மாதிரி இருக்கு. இந்த ஊர்ல மட்டும் போன வாரம் போட்ட ரூமை யாரோ போன் பண்ணி ரத்து பண்ணிட்டாங்க. நேத்து செவ்வாய்க்கிழமை வேற லாட்ஜ்ல போட்டேன். ஒன்றரை மணி நேரத்துல அதுவும் காலி. ரெண்டு தடவையும் 'ட்ராவல்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசறேன்'னு ஒரு பொம்பளைக் குரல். என் ஆபீஸ்ல பொம்பளையே கிடையாது. நான்தான் பெருக்கறேன்."

"இன்னும் ரூம் கிடைக்குமா?"

"சீசன் நேரம். ஒரே ஒரு லாட்ஜ்தான் பாக்கி. ரூமே கிடைக்கலன்னா அந்த ஊரையே விட்டுட வேண்டியதுதான்னு அக்காகிட்ட போன வாரமே சொன்னேன்."

"நான் தம்பி வீட்டுலயும் தங்கச்சிகிட்டயும் சொன்னேன்" என்றார் நூலகர்.

சர்வேயர் ஒரு பீன்ஸை இரண்டாக ஒடித்தார். "நேத்து லாட்ஜ் பேரை யார்யார்கிட்ட சொன்னீங்க?"

"பத்து மணிக்கு ரெண்டு போன். தம்பி பொண்டாட்டிகிட்ட ஒண்ணு, தங்கச்சிகிட்ட ஒண்ணு."

"திட்டம் எழுதின தாளை அவங்களுக்குக் குடுத்தீங்களா?"

"தம்பி வீட்டுக்குக் குடுத்தேன். தங்கச்சிக்கு வரி வரியா போன்ல படிச்சே காட்டினேன். அந்த ஊர்க்காரியாச்சே. எல்லாம் 'சரிக்கா'ன்னா."

சர்வேயர் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். பிறகு ரூட்டுவின் போனில் நேற்று ரத்தான லாட்ஜைக் கூப்பிட்டு, குரல் எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"ஆமா சார், நேத்து பதினொண்ணே காலுக்கு அந்தம்மா பேசினாங்க" என்றது மறுமுனை. "ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. முன்பணம் மட்டும் ட்ராவல்ஸுக்கே திரும்பிப் போயிடணும், பாவம் ரூம் போட்டவங்களுக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னாங்க."

"சரிங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து உங்க லாட்ஜுக்கு அஞ்சு நிமிஷ நடைதானே?"

மறுமுனை சிரித்தது. "அது பழைய பஸ் ஸ்டாண்ட் சார்! அங்க இப்ப கார் நிறுத்தறாங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடியே பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய தள்ளிட்டாங்க. டவுன் பஸ்ல முக்கால் மணி நேரம் ஆகும்."

சர்வேயர் போனை வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார். தாளில் அவன் கைப்பட 'ஐந்து நிமிட நடை' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான்.

"நான் அந்த ஊருக்குப் போய் அஞ்சு வருஷமாச்சு அத்தான்" என்றான் ரூட்டு. காது சிவந்துவிட்டது. "ஊரைத் தூக்கி வைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"பாத்தியா, யாருக்குத் தெரியும்" என்றார் சர்வேயர். அடுத்த பீன்ஸை எடுத்தார்.

நூலகர் கிளம்பியதும் ரூட்டு விரலை மடக்கினான். "கண்ணாடிக்கடைக்காரர்தான் அத்தான். முட்டி வலி, கோட்டைக்கு அறுநூறு படி. பொண்டாட்டியை விட்டுப் பேசச் சொல்லியிருக்கார். அந்தம்மாவுக்கோ கடல்கிட்ட ரெண்டு நாள் தங்க ஆசை. ரெண்டு பேரும் கூட்டு. சரியா?"

"இருக்கலாம்."

"அப்ப அவங்கதானா?"

"இல்லாமலும் இருக்கலாம்."

இந்த உலகத்தில் ரூட்டுவுக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவன் தொழிலில் யாரும் எதற்கும் நேரான பதில் சொல்வதில்லை. போறீங்களா என்றால் "பாக்கலாம்" என்பார்கள். எத்தனை பேர் என்றால் "கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அத்தானும் அப்படியே.

மறுநாள் இருவரும் கண்ணாடிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ரூட்டுவைக் கண்டதும் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"எனக்கு மலை ஏற முடியாதுங்கறது உண்மை. அதுக்கு நான் கீழயே உக்காந்துக்கறேன்னு மூணு வாரத்துக்கு முன்னாடியே என் பொண்டாட்டி மூலமா அக்காவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். திருட்டுத்தனமா எதுக்குப் பண்ணணும்?"

"பயணத்துக்கு வருவீங்களா சார்?" என்று கேட்டான் ரூட்டு.

"பாக்கலாம்" என்றார் அவர்.

அவர் மனைவி பள்ளி ஆசிரியை. வாசலிலேயே நின்று பேசினார். "செவ்வாய்க்கிழமையா? அண்ணி பத்து மணிக்குப் பேசினாங்க. பத்தரைக்கு நான் பரீட்சை ஹாலுக்குப் போயிட்டேன். உள்ள போற டீச்சருங்க போனை எல்லாம் ஆபீஸ் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. பன்னெண்டரைக்குத்தான் கையில குடுத்தாங்க. வேணும்னா கையெழுத்துப் புத்தகம் இருக்கு, பாருங்க."

புத்தகத்தைப் பார்த்தார்கள். பத்தரை, பன்னிரண்டரை. இரண்டு கையெழுத்துமே தெளிவாக இருந்தன. திரும்பும்போது சர்வேயர் மூன்றாவது ஊர் லாட்ஜுக்கு ஒரு போன் செய்தார். கூடுதலாக ஒரு நாள் கேட்டு யாரும் அங்கே பேசவில்லை.

ரூட்டுவின் விரல்களெல்லாம் மடங்கியபடியே நின்றன. "அப்ப... நூலகர் அக்காவே தானா?"

"அவங்க எதுக்குடா உன்கிட்ட வரணும்?"

"அதானே" என்றான் ரூட்டு. மனதுக்குள் ஒருமுறை தன்னையும் சந்தேகப்பட்டுப் பார்த்தான். குரல் ஒத்துவரவில்லை.

ஞாயிறு மதியம் நூலகர் வீட்டில் எல்லோரையும் கூட வைத்தார் சர்வேயர். தங்கை அன்று காலைதான் லீவில் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பயணக்களைப்போடு, யார் எழுந்தாலும் தானும் எழுந்து நின்றாள். அக்கா ஒரு மூலையிலும் தம்பி எதிர்மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தரைவிரிப்பு ஒரு கடல்போல் கிடந்தது.

"முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கறோம்" என்று ஆரம்பித்தார் சர்வேயர். "என் மச்சினன் பண்ணினது. இந்தத் தாள்ல பஸ் ஸ்டாண்டுல இருந்து லாட்ஜுக்கு அஞ்சு நிமிஷ நடைன்னு எழுதியிருக்கான். அந்த பஸ் ஸ்டாண்ட் எட்டு மாசத்துக்கு முன்னாடியே ஊருக்கு வெளிய போயிடுச்சு."

எல்லோரும் ரூட்டுவைப் பார்த்தார்கள். ரூட்டு தரைவிரிப்பில் மூழ்க இடம் தேடினான்.

"இப்ப ரூம் விஷயத்துக்கு வருவோம். ரத்து பண்ணினது ஒரு பெண். செவ்வாய்க்கிழமை ரூம் போட்ட லாட்ஜ் பேரு அன்னிக்குக் காலையிலேயே தெரிஞ்சது மூணு பெண்களுக்குத்தான். நூலகரம்மா தானே ரத்து பண்ணிட்டுத் தானே விசாரிக்கச் சொல்ல வேண்டியதில்ல. டீச்சரம்மா போன் அந்த நேரம் பூட்டின பெட்டியில இருந்துச்சு."

"கடவுளே" என்றார் தம்பி மெதுவாக. தங்கையின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"பேசினவங்களுக்கு இந்தக் குடும்பத்து மேல கோபம் கிடையாது. கோபம் இருந்தா முன்பணம் ட்ராவல்ஸ் வழியா அக்காவுக்கே திரும்பணும்னு ரெண்டு தடவை கெஞ்ச மாட்டாங்க. அந்த ஊரைத்தான் வேண்டாம்னாங்க. ஏன்னு எனக்குப் புரியல. பிறகு, இந்தத் தாளை அந்த ஊர்லயே இருக்கற ஒருத்தர்கிட்ட வரி வரியா படிச்சுக் காட்டினதா அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. அஞ்சு நிமிஷ நடைங்கறதைக் கேட்டு அவங்க சிரிச்சிருக்கணும். லாட்ஜ்காரர் சிரிச்ச மாதிரி." சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா 'சரிக்கா'ன்னு சொல்லியிருக்காங்க. எட்டு மாசமா அந்த ஊர் பஸ்ஸே ஏறாதவங்கதான் அப்படிச் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணல. அது என் வேலை இல்ல. சொல்லணும்னா நீங்களே சொல்லுங்கம்மா."

தங்கை எழுந்து நின்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை, ஆனாலும் நின்றாள்.

"பத்து மாசமாச்சுக்கா" என்றாள். "அடுத்தடுத்த கட்டில்ல ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. கையில கட்டியிருக்கற நம்பரைப் பாக்காம இவருக்குக் குடுக்க வேண்டிய மருந்தை அவருக்குக் குடுத்துட்டேன். அஞ்சு நிமிஷத்துல எனக்கே தெரிஞ்சு போய், நானே ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொன்னேன். அவருக்கு ஒண்ணும் ஆகல. என் வேலை போயிடுச்சு. இப்ப வேற ஊர்ல, ஒரு வீட்டுல படுக்கையா இருக்கற பாட்டியைப் பாத்துக்கறேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ அந்தக் கட்டடத்துப் படத்தை மேசையில வெச்சிருக்கே. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டறே. எப்படிக்கா சொல்றது? நீ வார்டைப் பாக்கணும்னு சொன்ன அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அண்ணா மேல சந்தேகம் போகும்னு சத்தியமா நினைக்கல."

நூலகர் எழுந்து போய்த் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். புத்தகம் ஒன்றில் கிழிந்த பக்கத்தைப் பிடிப்பதுபோல் அழுத்தாமல் பிடித்திருந்தார். "வார்டைப் பாக்கணும்னு உன்னைப் படுத்தினது நான்தான்" என்றார். பிறகு தலையைத் திருப்பாமலே, "தம்பி, உன்னை என்னென்னமோ பேசிட்டேன்டா" என்றார்.

"நாலு வருஷமா பேசாததுக்கு இதாவது பேசினியே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊருக்கே கண்ணாடி துடைத்துத் தருபவருக்குத் தன்னுடையதைத் துடைக்க அன்று வெகுநேரம் ஆனது.

ஆசிரியை எல்லோருக்கும் டீ போட உள்ளே போனார். ரூட்டு கடிகாரத்தைப் பார்த்தான். கடைசி லாட்ஜ்காரர் மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். இதைவிட மோசமான நேரம் ஒரு கேள்விக்கு வாய்க்காது என்று தெரிந்தும் அவன் கேட்டான்.

"மன்னிச்சுக்கோங்க... அந்த இரண்டாவது ஊரை வெச்சுக்கவா, எடுத்துடவா?"

"பாக்கலாம்" என்றார் தம்பி.

"எல்லாரும் என்ன சொல்றாங்களோ அப்படியே" என்றார் நூலகர்.

"அவரைக் கேட்டுக்கோங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சர்வேயர் கூரையைப் பார்த்தார்.

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரூட்டுவின் பக்கம் திரும்பினாள்.

"வெச்சுக்கோங்க. கோட்டைக்குப் போறோம், அண்ணாவோட நான் கீழ உக்காந்துக்கறேன். ஆஸ்பத்திரித் தெருவுக்கு மட்டும் வர மாட்டேன். நாலு பேருக்கு ரெண்டு ரூம். இப்பவே போன் பண்ணுங்க."