காணாமல் போன மடவைச் சினை

உணவகத்தின் சமையலறையில் தட்டுகள் சரிந்து நொறுங்கின. அடுத்த நொடி எழுந்த போனாரியாவின் குரல் மிலான் நகரின் அந்தத் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"பொத்தார்கா எங்கேடா?"

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் லுசோரியோ கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த போனாரியாவின் கணவர் கொனாரியோ, மேஜைவிரிப்பில் கொஞ்சம் சிந்தினார். அவர் விரல்களில் எலுமிச்சை வாசம் தூக்கியது.

பொத்தார்கா என்பது உப்பிட்டு உலர்த்திய மடவைமீன் சினை. இரவு நடக்கவிருந்த கல்யாண விருந்துக்காகச் சர்தீனியாவிலிருந்து வரவழைத்து, சரக்கறையில் தொங்கவிட்டிருந்தாள் போனாரியா. இப்போது கயிறு மட்டும் தொங்கியது.

அங்கே போய்வந்தவர்கள் அவள், கணவர், புதிய சமையற்காரன் தித்சியானோ. கணவனும் மனைவியும் லுசோரியோவைப் போலவே சர்தீனியாக்காரர்கள்; தித்சியானோ மட்டும் மிலான்காரன். வீட்டில் மனைவி நிறைமாதம். ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டாள் போனாரியா. அவன் எவ்வளவு மன்றாடியும் அவள் மசியவில்லை.

"விட்டுத்தொலை போனாரியா. மீன் சினைதானே," என்றார் கொனாரியோ.

உடைந்த ரொட்டித் துண்டுக்கும் கணக்குக் கேட்கிற மனிதர் அவர். லுசோரியோவுக்கு உறுத்தியது. எழுந்து போய்க் குப்பைக்கூடையைக் கிளறினார். மீன் செதில்களுக்கு அடியில், முள் நுனியோடு, ஆர்ட்டிச்சோக் எனப்படும் கூனைப்பூவின் உரித்த இதழ்கள். இன்று சமையலில் கூனைப்பூ உண்டா என்று கேட்டார். ராத்திரிக்குத்தான், இன்னும் யாரும் தொடவில்லை என்றாள் போனாரியா.

அவர் தித்சியானோவிடம் திரும்பினார்.

"தம்பி, பொத்தார்காவை நீ எப்படிச் சாப்பிடுவே?"

"பாஸ்தா மேல துருவித்தான் சார். வேற எப்படி?"

லுசோரியோ சிரித்துவிட்டார். "அப்ப இது நீ இல்லே. எங்க ஊர்க்காரன் திருடித் தின்னாலும் பச்சைக் கூனைப்பூவைச் சீவிக்கிட்டுத்தான் தின்பான். வெறுமனே இறங்காது."

வாழைப்பூ உரித்தது போல, கூனைப்பூ உரித்த கையும் கறுத்துப்போகும். தித்சியானோவின் விரல்கள் வெளுப்பாக இருந்தன. போனாரியாவின் விரல்களிலும் கறை இல்லை. அந்தக் கறையைப் போக்க எலுமிச்சையைத்தான் தேய்ப்பார்கள்.

"கையை நீட்டு, கொனாரியோ."

முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் மெல்ல முன்னால் வந்தன. எவ்வளவு தேய்த்தும் நகக்கண்களில் கறுப்பு போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து துணியில் சுற்றிய பொத்தார்கா வெளியே வந்தது. ஒரு முனை மட்டும்தான் குறைந்திருந்தது. விருந்துக்குத் தாராளமாகப் போதும்.

மனைவியின் கோபம் தணிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்ததாக முனகினார் கொனாரியோ. போனாரியா அவரைப் பார்க்கவில்லை. ஏப்ரனை எடுத்துத் தன் கையாலேயே தித்சியானோவின் இடுப்பில் கட்டிவிட்டாள், மன்னிப்பும் கேட்டாள். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாள்லேர்ந்து, நீ என் கண்ணுல உப்புல ஊறின ஒரு ஆலிவ் காயைக்கூடக் காட்டலியேம்மா."