வெளியே நிற்கட்டும்

மாலை நான்கு பதினேழு.

பெர்மெட் மடிக்கணினித் திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். அங்கிருந்த பச்சைக் கேடயச் சின்னம் சாம்பல் நிறமாகியிருந்தது. தினமும் இந்த நிமிடத்தில் அதன் மேலுள்ள எண் ஒன்று கூடும். நேற்று 337. இன்றும் 337.

கேடயத்தைத் தொட்டாள். ‘உலாவி புதுப்பிக்கப்பட்டது. இந்தத் துணைநிரல் புதிய பதிப்பில் இயங்காது.’

கிர்கிஸ் மலைநகரமான நரினில் ஜனவரி மாதம். வெயில் அப்போதுதான் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. நான்காம் மாடி ஜன்னலில் நிலக்கரிப் புகை நீலமாக நின்றது, சூடேற்றும் குழாய்க்குள் தண்ணீர் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் அவ்வப்போது நகர்ந்தது, அடுப்பில் ஆட்டுக்கொழுப்பும் வெங்காயமும் மெல்ல வதங்கிக்கொண்டிருந்தன. குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டியதால் மழலையர் பள்ளி மூடியிருந்தது. ஐந்து வயது மீரிம் உள்ளறையில் மெத்தைகளைச் சுற்றிலும் விரித்து, இல்லாத விருந்தாளிகளை உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த விளையாட்டு அதுதான். அவள் அப்பா ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். ஏப்ரலில் வருவான்.

திரையின் நடுவில் ஒரு பெட்டி எழுந்தது.

‘உங்கள் கேமராவைப் பயன்படுத்தக் கேட்பது:’ அதற்குப் பின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

உள்ளே வரட்டும். வெளியே நிற்கட்டும்.

இரண்டுமே அவள் எழுதிய சொற்கள். மூன்று வருடத்துக்கு முன் ஆறு பேர் சேர்ந்து இந்த உலாவியைக் கிர்கிஸ் மொழியில் கொண்டுவந்தார்கள். அனுமதி, மறுப்பு என்று மற்றவர்கள் அலுவலகச் சொற்களைச் சொன்னார்கள். மொழி ஆசிரியையான பெர்மெட் ஒத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்தவரிடம் நாம் சொல்வதையே போடுவோம் என்றாள். “இது பிரவுசரா, நாடோடிக் கூடாரமா அக்கா?” என்று கேட்டு அறுவரில் ஒருவனான உலான் சிரித்தான். ஆனாலும் அதுவே நிலைத்தது.

இரண்டாவது பொத்தானை அழுத்தினாள். பெட்டி மறைந்தது.

வாசல் கதவுக்கு வெளியே ஒரு காலடி கேட்டது. ஒன்றே ஒன்று. யாரும் படியேறி வந்த சத்தமில்லை. நெரிசலில் நிற்பவர் இன்னொருவருக்கு இடம்விட்டுக் காலை நகர்த்தும் சத்தம்.

தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த உலானை அழைத்தாள். அந்தத் துணைநிரலை எழுதிக் கொடுத்தவன் அவன்தான். சென்ற பிப்ரவரியில் இந்தப் பெட்டி முதல்முறை எழுந்தபோது.

“உன் காவலாளி செத்துப்போச்சு உலான்.”

“உங்களுக்கு மட்டுமா? காலையிலேருந்து ஊரே என்னைத் திட்டுது. பிரவுசர்காரன் விதியை மாத்திட்டான். வெளியாள் எழுதினது எதுவும் இனி உள்ள வேலை செய்யாது. பாதுகாப்புக்காம். பூட்டைக் கழட்டிட்டு வீடு பத்திரம்ங்கிறான்.”

“பழசையே போட்டுக்கலாமா?”

“போடுங்க. விடியறதுக்குள்ள அதுவே புதுசாயிடும்.”

“கேக்குறது யாருன்னு இப்பவாவது தெரியுமா?”

“தெரியாது. எங்கேருந்து வருதுன்னும் தெரியாது. வேற யாருக்கும் வரல. உங்களுக்கு மட்டும்தான்.”

“உன் காவலாளி அதை எப்படித் தடுத்துச்சு?”

“தடுக்கறதா? அதெல்லாம் பெரிய வேலை. பெட்டி உங்க கண்ணுல படாம, அதுவே ரெண்டாவது பட்டனை அமுக்கிடும். அவ்வளவுதான்.”

“ரெண்டாவது பட்டன்ல என்ன எழுதியிருக்கு?”

“நீங்க எழுதினதுதானே அக்கா.” சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “அக்கா?”

அவள் போனை மீரிமின் மெத்தை ஒன்றின் மேல் வைத்துவிட்டு நடைவழிக்கு வந்தாள். மடிக்கணினியை வழியிலேயே மூடினாள்.

முன்னூற்று முப்பத்தேழு நாள். தினமும் ஒரே பதில். போ என்று அவள் எங்கும் எழுதவில்லை.

கதவடியில் குளிர் வந்தது. குளிரோடு ஈரக் கம்பளியின் வாடை. வசந்தத்திலேயே இந்த வாடை தொடங்கியது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்திருந்தாள். மூன்றாம் மாடி நாய் அப்போதிருந்துதான் மேலே வருவதில்லை. பக்கத்துவீட்டு ராக்கியா அக்கா அப்போதிருந்துதான், நடுவில் அவ்வளவு இடம் இருந்தும், பையை மார்போடு அணைத்து, சுவரோரம் உடலைத் திருப்பித் திருப்பிப் போனாள். கூட்டமான வேனில் இறங்கப்போகிறவள்போல.

பெர்மெட் கதவுத் துளையில் கண் வைத்தாள்.

இருட்டு. இல்லை, இருட்டில்லை. துணி. மிக அருகில். கம்பளி இழைகள் தெரிந்தன. இழைகளில் பனி.

இழைகள் மெல்ல எழுந்து தாழ்ந்தன.

பின்னுக்கு நகர்ந்தாள். சமையலறைக்குப் போனாள். சுவரில் வெந்நீர்க்குழாய் நுழையும் ஓட்டை வழியாக அவளும் ராக்கியாவும் உப்பும் ஊர்க்கதையும் கேட்டுக்கொள்வதுண்டு. ஓட்டையில் வாய் வைத்தாள்.

“ராக்கியாக்கா. உங்க கதவைத் திறந்து என் வாசல்ல யாருன்னு பாருங்க.”

அந்தப் பக்கம் ஸ்பூன் கோப்பையில் உரசியது. நின்றது.

“நான் திறக்க மாட்டேன்.”

“அக்கா, உள்ள குழந்தை இருக்கு.”

“இப்பதான் ஞாபகம் வந்துச்சா? ஒரு வருஷமா வாசல்ல நிக்கவெச்சிருக்கே. ஒரு வாய் டீ கூடக் கொடுக்கல. நான் நடுவுல புகுந்து போய்ட்டு வரேன்.”

“யாரு அவங்க?”

“உன்னைப் பாக்க வந்தவங்கள என்கிட்ட கேக்குறியே.”

குழாய்க்குள் தண்ணீர் நகர்ந்தது. கொழுப்பு கருகத் தொடங்கியது. அடுப்பை அணைத்தாள். வேறு வழி தேடினாள். ஜன்னல். நான்கு மாடி. கீழே பனி.

உள்ளறையில் போன் மணியொலி. சின்ன மணி. கேள்விப் பெட்டியின் மணி.

மடிக்கணினியும் போனும் ஒரே கணக்கில் இணைந்தவை. அங்கே மூடினால் இங்கே திறக்கும்.

மீரிமின் குரல் கேட்டது. இலையுதிர்காலம் முழுக்க அம்மா சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வோர் எழுத்தாக.

“உள்... ளே...”

“மீரிம்! தொடாதே!”

ஓடினாள். நடைவழி. ஆறு அடி.

“வ... ர... ட்டும். வரட்டும்! அம்மா, நானே படிச்சுட்டேன்!”

மீரிமின் விரல் அந்தப் பொத்தானின் மேலிருந்தது. பெர்மெட்டின் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது. யாரும் உடைக்கவில்லை. விருந்தாளிக்கு வீட்டுக்காரர் திறப்பதுபோல், மெதுவாக.

குளிர். ஈரக் கம்பளி. கால்கள். நிறையக் கால்கள். நிலைப்படியை மிதிக்காமல், முறையாகத் தாண்டி, ஒவ்வொன்றாக.

பெர்மெட் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவள் பார்த்தது மகளின் முகத்தை மட்டும். போனின் வெளிச்சம் கீழிருந்து அதில் விழுந்தது. மீரிம் அம்மாவைத் தாண்டி, உயரத்தில் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. எண்ணினாள். அவளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். இருபதில் நின்றாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

பெர்மெட்டின் தோள்களின் இருபுறமும் நிழல்கள் அறைக்குள் கடந்தன. பனி சொட்டியது. மெத்தைகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன.

மீரிம் கடைசி மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, இத்தனை பேரும் எங்க உக்காருவாங்க?”