லின் போட்ட ஓட்டு

செல்போன் அலறியது!

டெரெக் எடுக்கவில்லை. என்ன செய்தி என்று அவனுக்குத் தெரியும்... நேற்று மாலை மனைவி லின்னைக் கால்வாயில் தள்ளியவனே அவன்தான்!

வெள்ளிக்கிழமை காலை. விளையாட்டு அரங்கின் பாட்மின்டன் கோடுகள் மேல் மேஜைகள். நேற்று நடந்த நகராட்சித் தேர்தலின் ஓட்டுகளை இரண்டாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நெருக்கம்!

கவுன்சிலர் பதவிக்காக டெரெக் வீடு வீடாக அலைந்திருந்தான். 'நீ என்னை அடிச்சதை ஊருக்கே சொல்லப்போறேன்' என்றாள் லின். சொல்லியிருந்தால் ஒரு ஓட்டு விழுமா?

"மிஸ்டர் ஹோல்ராய்ட்?"

இன்ஸ்பெக்டர் க்ரீவ்ஸ். பெண். கூடவே லின்னின் அக்கா பார்பரா, கண் சிவந்து...

"உங்க மனைவி... கால்வாயில..."

"ஐயோ, லின்!" நாற்காலியில் சரிந்தான். நல்ல நடிப்பு!

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம், மேடம். சர்ச் ஹால்ல ஓட்டுப் போடக் கிளம்பினா. கால்வாய் ஓரமாப் போகாதேன்னேன்... கேக்கலை!"

பார்பரா வெறித்தாள்.

"ஓட்டுப் போடவா போனா? அவதான் தபால் ஓட்டு வாங்கிட்டாளே, டெரெக்!"

"பொய்! வீட்டுக்கு எதுவும் வரலையே!"

வராது. அந்த ஊரில் யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம்; சீட்டை வேறு முகவரிக்கும் அனுப்பச் சொல்லலாம். கணவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய வசதி. யார் யாருக்குத் தபால் ஓட்டு என்ற விவரம் வேட்பாளருக்கும் கிடைக்கும். ஊரையெல்லாம் பார்த்த டெரெக், தன் வீட்டை மட்டும் பார்க்கவில்லை!

"என் வீட்டுக்கு வந்துச்சு. போன வாரமே என் சமையலறைல உக்காந்து போட்டா."

"தபால்ல போட்டவங்களுக்குச் சாவடியில சீட்டு கிடையாது. அது லின்னுக்கே தெரியும்." க்ரீவ்ஸ் பொறுமையாக விளக்கினாள். "அப்புறம் ஏன் அவங்க அங்க போனதாச் சொல்றீங்க? சட்டைக் கையைக் கொஞ்சம் மடிங்க..."

மணிக்கட்டில் நகக் கீறல்கள்!

விலங்கு பூட்டியபோது மைக் கரகரத்தது.

"டெரெக் ஹோல்ராய்ட்... எழுநூற்றுப் பன்னிரண்டு. ஜேனட் ப்ரூம்... எழுநூற்றுப் பதின்மூன்று!"

டெரெக் பார்பரா பக்கம் திரும்பினான்.

"லின்... யாருக்குப் போட்டா?"

"கேக்கலை. ரகசிய ஓட்டாச்சே." பார்பரா கண்ணைத் துடைத்தாள். "ஆனா, உறையை ஒட்டிட்டு சிரிச்சா. அவ சிரிச்சு எத்தனை வருஷமாச்சு!"

"செத்தவ ஓட்டு செல்லாது!"

"போட்டப்ப உயிரோடதான் இருந்தா, டெரெக். நீதான் ஒரு வாரம் லேட்!"