இரவல் கொடுத்த முகம்

"தேங்ஸ்ம்மா" என்று டீகன் தன் அறைக்குள்ளிருந்து சொன்னாள். சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த ரோவெனா வாயே திறந்திருக்கவில்லை.

"என்னடி சொன்ன?"

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் மழைக்கு முந்தைய புழுக்கமான பிற்பகல். ஜன்னல் வழியே கொல்லையில் அழுகும் மாம்பழங்களின் வாடை வந்தது, மேலே மின்விசிறி கடகடத்தது, அதையும் மீறி மகளின் கதவுக்குப் பின்னால் யாரோ தணிந்த குரலில் கொஞ்சிப் பேசுவது விட்டுவிட்டுக் கேட்டது.

ரோவெனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன போனால் வந்த வினை. பதினாறு வயதாகாத பிள்ளைகளுக்குச் சமூக ஊடகத்தில் கணக்கு கிடையாது என்று சட்டம் வந்தபோது அப்பாடா என்றிருந்தாள். டீகனின் தோழிகள் வீட்டிலெல்லாம் அம்மாக்கள் தங்கள் முகத்தைக் காட்டி வயதுச் சோதனையைத் தாண்டவைத்துவிட்டார்கள். பதின்மூன்று வயது டீகன் மட்டும் வெளியே நின்றாள்.

"என்னைத் தவிர எல்லாரும் உள்ள இருக்காளுங்கம்மா. ஸ்கூல்ல என்னை யாரும் ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டேங்கறாளுங்க."

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ரோவெனா போனைப் பிடுங்கித் தன் முகத்தைக் காட்டினாள். திரை தலையைத் திருப்பச் சொன்னது, திருப்பினாள். சிரிக்கச் சொன்னது, சிரித்தும் தொலைத்தாள்.

பிறகுதான் பள்ளிக் கூட்டத்தில் ஒரு மருத்துவர் வந்து சொன்னார்: யார் நம்மவர், யாரை நம்பலாம் என்பதை மூளை இந்த வயதில்தான் மறுபடி கற்கிறதாம், எதை ஓயாமல் பார்க்கிறதோ அதன் பக்கம் சாய்கிறதாம். இது அந்தக் கம்பெனிக்காரன்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பிள்ளை பிடிக்கிறார்கள். அவர்களையும் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு நடந்தாள். குரல் இப்போது தெளிவாகக் கேட்டது.

"அவ வரா. பாக்காதடா கண்ணு. என்னையே பாரு."

ரோவெனாவின் குரல். அதே கரகரப்பு.

கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டு. கட்டிலில் டீகன். மூக்கருகே போன். திரையில் ரோவெனாவின் முகம். அவளைவிடப் பொறுமையான முகம்.

"டீகன், அதைக் கீழ வை. இப்பவே!"

மகள் நிமிர்ந்தாள். அம்மாவின் நெற்றியில், கண்ணில், வாயில் எதையோ தேடினாள். பிடிபடவில்லை.

"யாரு நீங்க?"

"அடியே, நான்தாண்டி! அம்மா!"

டீகன் சுவரோடு ஒட்டிக்கொண்டு வீறிட்டாள். "அம்மா! யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாங்கம்மா!"

ரோவெனா போனைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

"பயப்படாத கண்ணு, அம்மா கூடவே இருக்கேன்" என்றது திரை. "அவ கையைக் கடி."

டீகன் கடித்தாள். பல் எலும்பில் தட்டியது. விடவில்லை. வாயோரம் ரத்தம் வழிய, அடுத்து என்ன செய்ய என்று கேட்பதுபோல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.